வாசலில் நிற்பவருக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாஃப்ட்வேரின் கையேட்டைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வந்தது. சிறிய நூலகங்களுக்கான சாஃப்ட்வேர். இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், தேவைக்கேற்ப மாற்றியும் எழுதிக்கொள்ளலாம். நொய்டாவில் ஒரு சின்ன அலுவலகத்தில் நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து எழுதியது. ஆங்கிலக் கையேடு நாற்பது பக்கம். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, மூன்று வாரத்தில் முடித்துக் கொடுத்தேன்.

அதன் முதல் வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது. என் தமிழில் அது இப்படி வந்தது: "இது வலைவழி இயங்கும், கூறுநிலைக் கட்டமைப்பு கொண்ட, தளச்சார்பற்ற, ஒருங்கிணைந்த நூலக வள மேலாண்மைத் தீர்வு." ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்திருந்தேன். கலைச்சொல் பட்டியல்களைப் புரட்டியிருந்தேன். 'தளச்சார்பற்ற' என்ற சொல் கைக்கு வந்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தில்லியில் எனக்குத் தெரிந்த பள்ளி நூலகர் ஒருவர் உண்டு. அப்போது அவர் ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி. அவருடைய பொறுப்பில் ஏறக்குறைய ஆறாயிரம் புத்தகங்கள், பாதிக்கு மேல் தமிழ். எல்லாவற்றுக்கும் நீள நோட்டுகளில் கையால் எழுதிய பதிவேடு. இந்த சாஃப்ட்வேர் இவருக்கென்றே செய்ததுபோல் இருக்கிறதே என்று கையேட்டின் பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் கழித்து ஃபோன் செய்தார்.

"படிச்சேன் மேடம். தமிழ் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது என்ன பண்ணும்னு கடைசி வரைக்கும் சொல்லலையே?"

நான் பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார்: "எனக்குத்தான் கம்ப்யூட்டர் அறிவு பத்தலை போலிருக்கு. வயசாயிடுச்சு."

முதலில் சொன்னது வலிக்கவில்லை. இரண்டாவதாகச் சொன்னது தைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் புத்தகங்களோடு வாழ்ந்த மனிதர், கையேட்டைக் குறை சொல்லாமல் தன்னைக் குறை சொல்லிக்கொள்கிறார். புரியாத ஒரு வாக்கியத்தை இன்னொரு மொழியிலும் புரியாததாக்கிக் கொடுத்ததற்குக் காசு வாங்கப் போகிறவள் நான்.

அடுத்த வாரம் அந்தக் காசை வாங்க நொய்டா போனேன். சாஃப்ட்வேரின் பெரும்பகுதியை எழுதிய இளைஞர் லக்னோக்காரர். அவரிடம் நூலகரின் கேள்வியையே கேட்டேன்: இது என்ன செய்யும்? டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இந்தியில் பளிச்சென்று சொன்னார். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, யார் எடுத்துப் போயிருக்கிறார், எப்போது திருப்பித் தர வேண்டும், இந்த மூன்றையும் கேட்டவுடன் சொல்லும். நூலகர் நோட்டு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதை ஏன் முதல் பக்கத்தில் எழுதவில்லை என்று கேட்டேன்.

அது எல்லோருக்கும் தெரியுமே என்றார்.

அவர் அலட்சியக்காரர் அல்ல. இரண்டு வருடம் இரவு பகலாக அந்த சாஃப்ட்வேரோடு இருந்தவர். அதுதான் சங்கடமே. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி தன் முனைவர் பட்டத்துக்காக ஒரு சோதனை நடத்தினார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் ஓடவிட்டு மேஜையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டப்பட்டவை 120 பாட்டுகள். கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவரின் காதில் மெட்டு முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவருக்குக் கேட்பது வெறும் டொக் டொக். தெரிந்துகொண்ட ஒன்றைத் தெரியாதவரின் இடத்திலிருந்து நினைத்துப் பார்க்க முடியாத இந்த நிலைக்குப் பொருளாதார அறிஞர்கள் மூவர் 1989இலேயே 'அறிவின் சாபம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சாஃப்ட்வேர் கையேடுகளின் முதல் பக்கங்களில் பாதிக்கு மேல் இந்த டொக் டொக்தான். உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் தங்கள் வேலையைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் இடம் கிட்ஹப். அங்கே ஒரு சாஃப்ட்வேரைத் தேடிப் போனால் முதலில் கண்ணில் படுவது 'ரீட்மீ' என்ற கோப்பு. 'என்னைப் படி' என்று அர்த்தம். 2017இல் கிட்ஹப் நடத்திய கணக்கெடுப்பில், கையேடுகள் அரைகுறையாகவோ பழசாகிப் போயோ இருப்பதைப் பார்த்திருப்பதாக 93 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில், பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர் தாங்கள் கையேட்டுக்கு எழுதுவது அபூர்வம் அல்லது எழுதுவதே இல்லை என்றார்கள். இவர்கள் எல்லாம் எப்படியோ உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள். என் நூலகரைப்போல வாசலோடு திரும்பியவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டு வந்தது. எழுதியவர்கள் யூனிக்ஸைப் படைத்த கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பதிவு: பெயர், அதைத் தட்டச்சு செய்யும் முறை, விளக்கம், தெரிந்த குறைகள். தன் குறைகளைத் தானே பட்டியல் போட்ட அந்த நேர்மை இன்றைக்கும் வியப்பளிக்கிறது. ஆனால் அது அகராதி. எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அகராதி உதவும்.

அதே ஆய்வுக்கூடத்தில் பிரையன் கெர்னிஹான் இருந்தார். அவர் 1970களில் யூனிக்ஸுக்குப் புதியவர்களுக்கென்றே தனியாக ஒரு சிறு வழிகாட்டி எழுதினார். உள்ளே நுழைவது எப்படி, தட்டச்சில் தப்பு செய்தால் அழிப்பது எப்படி என்று ஆரம்பிக்கும் வழிகாட்டி. 1978இல் அவரும் ரிச்சியும் சேர்ந்து சி மொழிக்கு எழுதிய புத்தகத்தில் முதல் புரோகிராம் செய்யும் வேலை, திரையில் 'ஹலோ, வேர்ல்டு' என்று காட்டுவது. அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு சொல் வருவதற்குள், எங்கே எழுதுவது, எப்படி ஓட்டுவது, விடை எங்கே வரும் என்பதெல்லாம் படிப்பவருக்குத் தெரிந்துபோகிறது. கதவு திறந்துவிட்டது என்ற நம்பிக்கையும் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ மொழிகளின் பாடப் புத்தகங்கள் இதே புரோகிராமோடு தொடங்குகின்றன.

நல்ல அறிமுகத்துக்கு இன்னொரு உதாரணம் ஒரு கடிதம். 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிக்கொண்டிருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பற்றி ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டார். அப்போது மாணவர்களிடையே புழக்கத்தில் இருந்த மினிக்ஸைப் பயன்படுத்துவோரை விளித்து அது ஆரம்பிக்கிறது. இலவசமாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் செய்கிறேன் என்கிறது. எந்த வகைக் கம்ப்யூட்டரில் ஓடும், எந்த இரண்டு புரோகிராம்கள் ஏற்கெனவே அதில் ஓடுகின்றன என்று சொல்கிறது. வேறு வகைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போக முடியாது, தன்னிடம் இருக்கும் வகை ஹார்டு டிஸ்க்கைத் தவிர வேறெதிலும் அநேகமாக என்றைக்கும் வேலை செய்யாது என்று ஒப்புக்கொள்கிறது. இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக எதுவும் ஆகாது என்றும் எச்சரிக்கிறது. அந்தக் கடைசி ஜோசியம் பொய்த்துவிட்டது. லினக்ஸ் இன்று ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் உலகின் மிகப் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் ஓடுகிறது. ஆனால் அறிமுகம் என்ற அளவில் அந்தக் கடிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாருக்கு, என்ன, எதில், எதுவரை என்ற நான்குக்கும் ஒரு பக்கத்துக்குள் பதில் இருக்கிறது.

இந்த நான்கு கேள்விகளை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தமிழ் படித்தவர்களுக்குத் தோன்றும். முதுகலை வகுப்பில் நன்னூலை மனப்பாடம் செய்தபோது அதன் பாயிரப் பகுதியை நாங்கள் பரீட்சைக்காகவே தாண்டி வந்தோம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு பவணந்தி முனிவர், இலக்கணத்துக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னால், முன்னுரை எப்படி இருக்க வேண்டும் என்று விரிவாகப் பேசுகிறார். நூலின் பெயர், செய்தவர் பெயர், எந்த முன்னோர் நூலின் வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, என்ன விஷயம், எப்படிக் கட்டப்பட்டது, யார் கேட்க வேண்டியது, கேட்டால் என்ன பயன் ஆகிய எட்டையும் பாயிரம் சொல்லியாக வேண்டும். பாயிரம் இல்லாவிட்டால் எத்தனை பெரிதாக விரிந்த நூலும் நூலாகாது என்பது அவர் தீர்ப்பு. இந்த எட்டில் பெரும்பாலானவற்றை ரீட்மீ எழுதுகிறவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் நொய்டாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எனக்கு நினைவுக்கு வந்தது வேறொரு விதி. பாயிரத்தை யார் எழுத வேண்டும் என்பதற்கும் பவணந்தி விதி வைத்திருக்கிறார். நூலைச் செய்தவர் எழுதக் கூடாது. அவருடைய ஆசிரியர் எழுதலாம், அவரோடு படித்தவர் எழுதலாம், அவருடைய மாணவர் எழுதலாம், நூலுக்கு உரை செய்யத் தகுந்தவர் எழுதலாம். தன்னைத் தானே புகழ்வது அழகல்ல என்பது அதற்கு அவர் காட்டும் காரணம். நான் இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்வேன். நூலைச் செய்தவரின் காதில் மெட்டு ஒலித்துக்கொண்டிருக்கிறது. மற்ற நால்வரும் அந்த நூலுக்குள் வெளியிலிருந்து நடந்து வந்தவர்கள். எந்தப் படி தடுக்கியது என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இதை நடைமுறையாகவே வைத்திருக்கும் இடம் ஒன்று நம் நாட்டில் உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், இலவச சாஃப்ட்வேர்களைத் தானே கற்றுக்கொள்ள உதவும் சிறு சிறு வீடியோ பாடங்களைத் தயாரிக்கிறது. ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போல. குரல் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது. எந்தப் பாடத்தைத் திறந்தாலும் தொடக்கத்தில் இதில் எதைக் கற்கப் போகிறோம், எந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டில், எந்தப் பதிப்பில் செய்து காட்டுகிறோம், இதற்கு முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் எங்கே போய்ப் படிக்கலாம் என்பவை வந்துவிடும். பாடத்தைப் பதிவு செய்வதற்கு முன், எழுதிய பிரதியை அந்த சாஃப்ட்வேர் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, அதை வைத்து அவரால் செய்ய முடிகிறதா என்று பார்க்கிறார்கள். நிபுணர் சரி என்றால் மட்டும் போதாது. புதியவரும் சரி என்று சொல்ல வேண்டும்.

அடுத்த முறை நொய்டாவுக்குப் போனபோது, முதல் பக்கத்தை நானே புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன். கூலி வேண்டாம், கேள்வி கேட்க ஒரு பகல் நேரம் வேண்டும். லக்னோக்காரர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

அந்தப் பகலில் மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வசதி எனக்குக் கைகொடுத்தது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, யார் எதைச் செய்கிறார்கள் என்று சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம். அதைப் பேச்சுத் தமிழில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள், முடியாது. வினைச்சொல் கேட்கும். யார் என்று கேட்கும், எதை என்று கேட்கும், யாருக்கு என்று கேட்கும். பதில் தெரியாத இடத்தில் வாக்கியம் நின்றுவிடும். 'ஒருங்கிணைந்த' என்றால் எதையும் எதையும் இணைத்தது என்றேன். பதிவேட்டையும் கடன் கணக்கையும் என்றார். 'தளச்சார்பற்ற' என்றால்? விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். 'தீர்வு' என்றால் எந்தச் சிக்கலுக்கு? கொஞ்சம் யோசித்துவிட்டு, அது சும்மா போட்டது என்றார்.

மாலைக்குள் முதல் பக்கம் இப்படி ஆயிற்று: "ஒரு சிறிய நூலகத்தின் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள உதவும் சாஃப்ட்வேர் இது. ஒரு புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்பி வர வேண்டும் என்று காட்டும். பத்தாயிரம் புத்தகம் வரை உள்ள நூலகங்களுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் அல்லது லினக்ஸ் உள்ள ஒரு கம்ப்யூட்டர் போதும். நிறுவும்போது மட்டும் இன்டர்நெட் தேவை. தட்டச்சு செய்யவும் கோப்பு திறக்கவும் தெரிந்தவர் பயன்படுத்தலாம். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை."

அதன் கீழே முதல் பயிற்சி: ஒரே ஒரு புத்தகத்தைப் பதிவு செய்யுங்கள், ஒருவருக்குக் கடன் கொடுங்கள், அது யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. கையேடு முழுவதிலும் 'எளிதாக', 'சுலபமாக' என்ற சொற்களைத் தேடி எடுத்தேன். பத்துப் பன்னிரண்டு இருந்தன. எளிது என்று எழுதியிருக்கும் இடத்தில் தடுக்கி விழுகிறவர் கையேட்டைச் சந்தேகிக்க மாட்டார். தன்னைத்தான் சந்தேகிப்பார். நூலகர் ஃபோனில் சொன்ன இரண்டாவது வாக்கியம் அங்கிருந்துதான் வந்தது.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருந்தது. இது எதையெல்லாம் செய்யாது?

இந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. அபராதத் தொகையைக் கணக்கிடாது என்றார். வேறு? தமிழ்ப் புத்தகப் பெயர்களை அகராதி வரிசையில் அடுக்குமா என்று கேட்டேன். அடுக்குமே என்றார். இரண்டு பெயர்களைத் தட்டச்சு செய்து பார்த்தோம். ஒன்று 'பவளம்', இன்னொன்று 'பழமொழி'. தமிழ் நெடுங்கணக்கில் வகரம் முந்தி, ழகரம் பிந்தி. ஆகவே பவளம் முதலில் வர வேண்டும். திரையில் பழமொழி முதலில் நின்றது. கம்ப்யூட்டர்களுக்கான பொது எழுத்துத் தொகுதியான யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண்கள் நம் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. அங்கே ழகரத்துக்கு அடுத்த எண் வகரத்துக்கு. எண்ணைப் பார்த்து அடுக்குகிற சாஃப்ட்வேர் பெயர்களை இடம் மாற்றிப் போட்டுவிடும். அகராதி வரிசை வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக எழுத வேண்டும்.

"தமிழ்ப் பெயர்களை இப்போதைக்கு அகராதி வரிசையில் அடுக்காது" என்று ஒரு வரி சேர்த்தேன். கடையின் பெயர்ப் பலகையிலேயே குறையை எழுதி வைப்பார்களா என்று கேட்டார். வாங்க வருகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்துவிட்டு வருத்தப்படுவதைவிட மேல் என்றேன். அரை மனதோடு விட்டுவிட்டார்.

அந்த ஒற்றைப் பக்கத்தை நூலகரிடம் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இப்ப புரியுது மேடம். நல்ல சாமான்தான்" என்றார். பிறகு அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தார். "ஆனா இது எனக்கு இப்ப ஆகாது. எங்கிட்ட மூவாயிரத்துக்கு மேல தமிழ்ப் புத்தகம். வரிசை தப்பிப் போச்சுன்னா பசங்க எப்படித் தேடுவாங்க? இதைச் சரி பண்ணச் சொல்லுங்க. பண்ணினதும் எனக்கு ஒரு ஃபோன் போடுங்க. நானே வந்து மத்ததெல்லாம் பார்க்கிறேன்."

இந்த முறை அவர் வயதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அவர் சொன்னதை அன்று மாலையே நொய்டாவுக்குச் சொன்னேன். லக்னோக்காரர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, இரண்டு வருடத்தில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லையே என்றார்.

எப்படிக் கேட்பார்கள்? கேட்க வேண்டியவர்கள் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லையே.